கோச்சை அனுப்பும் முன் ஏலப் பட்டியலைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு அன்பர், ஹாக்கி லீக்கில் ஒரு அணி வரிசையாகத் தோற்றால் தலைமைப் பயிற்சியாளரை அன்றைக்கே ஊருக்கு அனுப்ப வேண்டும், இவ்வளவு பணம் போட்ட முதலாளிகள் ஏன் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டைப் பற்றி ஒருவர் இவ்வளவு கோபப்பட்டு எழுதுவதே அபூர்வம் என்பதால் முதலில் சந்தோஷமாக இருந்தது. படித்து முடித்த பிறகு மனசு சரியில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நான் செங்கோட்டைக்காரன். முப்பது வருடத்துக்கு மேல் பி.டி. வாத்தியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர், இன்றைக்கும் இங்கே டீக்கடையில் பாதிப் பேச்சு மலையாளம்தான். கிழக்கே பஸ் ஏறினால் சங்கரன்கோவில் வழியாகக் கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பேர்போன மண். மேற்கே புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மலை இறங்கிப் போனால் கொல்லம், அங்கே ஆசிராமத்தில் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் போட்ட ஹாக்கி ஸ்டேடியம் இருக்கிறது. 2015-ல் கேரளாவில் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது ஹாக்கி ஆட்டங்கள் அங்கேதான் நடந்தன. அப்போது அகலப் பாதை வேலைக்காக எங்கள் ரயிலை நிறுத்தியிருந்தார்கள், அதனால் நானும் என் பழைய மாணவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பினோம். ஆட்டத்துக்கு முன் டர்ஃப் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்து ஒரு பையன், "சார், நம்ம கிரவுண்டுல குடிக்கவே தண்ணி இல்லையே" என்றான். அது வேற விஷயம்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். அந்த அன்பர் எந்த அணியை மனதில் வைத்து எழுதினார் என்பதற்குள் நான் போகவில்லை. எந்த அணியாக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான். சீசன் நடக்கும்போது தோல்விக்காகப் பயிற்சியாளரை நீக்கக் கூடாது. சீசன் முடியட்டும், உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், அப்போது போகச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

ஏன் என்று கேட்டால், இந்த லீக் எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஹாக்கி இந்தியா லீக் 2013-ல் ஆரம்பித்தது, 2017-க்குப் பிறகு நின்றுபோனது, ஏழு வருடம் கழித்து 2024 டிசம்பர் 28-ல் மறுபடி தொடங்கியது. அந்த சீசனில் ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள். ஒரு அணிக்கு 24 பேர், அதில் 8 பேர் வெளிநாட்டுக்காரர்கள், இந்தியர்களில் 4 பேராவது ஜூனியராக இருக்க வேண்டும். அக்டோபரில் ஏலம், டிசம்பர் கடைசியில் முதல் ஆட்டம், பிப்ரவரி 1-ஆம் தேதி இறுதி ஆட்டம், அவ்வளவுதான். நாக் அவுட்டுக்கு முன் ஒரு அணிக்குப் பத்து ஆட்டம். ஐந்தில் தோற்றதும் கோச்சை மாற்றினால் புதிதாக வருகிறவர் கையில் மிச்சம் ஐந்து ஆட்டம் இருக்கும். அவர் பையன்களின் பெயரையும் யாருக்கு எந்தக் காலில் வலி என்பதையும் தெரிந்துகொள்வதற்குள் லீக் முடிந்துவிடும்.

ஏலம் முடிந்த அன்றைக்கு இந்த 24 பேரும் ஓர் அணியாக இருப்பதில்லை, காகிதத்தில் ஒரு பட்டியலாகத்தான் இருக்கிறார்கள். பெல்ஜியத்திலிருந்து ஒருவர், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், பஞ்சாபிலிருந்து, ஒடிசாவிலிருந்து, நம் கோவில்பட்டியிலிருந்து ஒருவர். எதிரணி தன் கோல் பக்கத்தில் தப்பு செய்தால் நமக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோலுக்குப் பக்கவாட்டில் கடைசிக் கோட்டிலிருந்து ஒருத்தன் பந்தைத் தள்ளுகிறான், கோலுக்கு முன்னால் இருக்கிற வட்டத்துக்கு வெளியே ஒருத்தன் மட்டையைப் படுக்கவைத்து நிறுத்துகிறான், மூன்றாவது ஆள் ஓடிவந்து பந்தை மட்டையால் இழுத்து வீசுகிறான், அதுதான் டிராக் ஃப்ளிக். பந்து நின்றதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால் எதிரணிக்காரன் முகமூடியோடு முன்னால் வந்து நிற்பான். அதனால் நிறுத்துகிறவன் எங்கே நிறுத்துவான் என்று நம்பி அதற்கு முன்பே கால் எடுத்து வைக்க வேண்டும். அந்த நம்பிக்கை நூறு தடவை, ஐந்நூறு தடவை சேர்ந்து செய்தால்தான் வரும். பத்து நாள் முன்னால் கைகுலுக்கிக்கொண்ட மூன்று பேரிடம் அது வராது, கோச் எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் சரி.

இதில் இன்னொன்று, ஏலத்தில் கடைசியாகக் கை தூக்குவதும் பணத்தை முடிவு செய்வதும் முதலாளி. கோச் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லலாம். ஒரு நல்ல ஃப்ளிக்கருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குக் காசு இல்லாமல் போனால் அதற்கு ஜனவரியில் பதில் சொல்ல வேண்டியவர் யார்? தோற்ற அன்று டிவியில் கேமரா கோச் முகத்தைத்தான் காட்டும். ஏலத்தில் கை தூக்கியவரைக் காட்டாது.

இப்போது என் கதை. தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஹாக்கி அணி ஆரம்பித்தேன். செம்மண் கிரவுண்டு. சாயங்காலம் நாலரைக்குப் பையன்கள் வந்ததும் முதல் வேலை கல் பொறுக்குவது, ஆளுக்கு ஒரு ஓலைக் கூடை. ஒரு கல் விட்டுப்போனாலும் பந்து அதில் பட்டு முகத்துக்கு எழும்பும். உடைந்த மட்டைகளைப் பிரானூரில் மர அறுவை மில்லில் வேலை பார்த்த ஒரு பையனின் அப்பா பிசின் வைத்து ஒட்டி, சைக்கிள் ட்யூப் சுற்றித் தருவார். கோல்கீப்பருக்குக் காலில் கட்டிக்கொள்ளக் கிரிக்கெட் பேடு இரண்டு. அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் ஜோனல் தாண்டினோம். மூன்றாம் வருடம் முதல் இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. அதில் ஒன்று என் தப்பு, கோல்கீப்பர் பையனுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது, ஆடுகிறேன் என்று அவன் பிடிவாதம் பிடித்ததை நான் கேட்டிருக்கக் கூடாது. நிர்வாகம் கூப்பிட்டு, நாளையிலிருந்து டீமை வேறு ஒரு ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். காரணம் கேட்டேன். "ரிசல்ட் வேணும் சார்" என்றார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

வந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை, நல்ல மனுஷன். ஆனால் அவருக்கும் ஏதாவது செய்துகாட்ட வேண்டிய கட்டாயம். நடுக்களத்தில் சென்டர் ஹாஃப் ஆடிக்கொண்டிருந்த பையனை முன்னால் தள்ளிவிட்டார், அவன்தான் மொத்த அணிக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவன். பந்து எங்கே போகிறது, யாரைப் பிடிக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கத்தும் அந்தக் குரல் அந்த ஆட்டத்தில் இல்லை. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஐந்து கோல் வாங்கினார்கள். இடைவேளையில் அந்தப் பையன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான், நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஆசிரியருக்கு மரியாதை இல்லாமல் போகும். அடுத்த வருடம் அந்தப் பள்ளியில் ஹாக்கி அணியே இல்லை. போன வாரக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பையன் திரும்பிப் பார்த்த பார்வைதான்.

பள்ளிக்கூட விஷயத்தையும் தொழில்முறை ஆட்டத்தையும் ஒன்றாகப் பேசலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படியானால் இந்திய அணியையே பாருங்கள், அங்கே நடந்ததும் இதுதான். 1998-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் 32 வருடத்துக்கு அப்புறம் தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளர் எம்.கே. கௌசிக். ஜெயித்து வந்த பிறகு அவரையும் நீக்கினார்கள், தன்ராஜ் பிள்ளை உட்பட மூத்த ஆட்டக்காரர்கள் சிலரையும் நீக்கினார்கள். 2003-ல் கோலாலம்பூரில் முதன்முதலாக ஆசியக் கோப்பையை வென்ற அணிக்குப் பயிற்சியாளர் ராஜிந்தர் சிங். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரம் இருக்கும்போது அவரை நீக்கிவிட்டு ஜெர்மனியிலிருந்து கெர்ஹார்ட் ராக் என்பவரைக் கொண்டுவந்தார்கள். ஏதென்ஸில் நமக்குக் கிடைத்தது ஏழாவது இடம். ராக் என்ன செய்ய முடியும், பாவம்.

அதுக்கப்புறமும் விட்டார்களா? 2017 செப்டம்பரில் இந்திய ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ஓல்ட்மன்ஸ் போனார், இந்தியப் பெண்கள் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த மரீன் என்பவரை ஆண்கள் அணிக்குக் கொண்டுவந்தார்கள். 2018 மே மாதம் அவரைத் திரும்பப் பெண்கள் அணிக்கு அனுப்பிவிட்டு ஹரேந்திர சிங்கைப் போட்டார்கள். புவனேஸ்வர் உலகக் கோப்பையில் காலிறுதியில் தோற்றதும் 2019 ஜனவரியில் அவரும் போனார். ஒன்றரை வருடத்துக்குள் மூன்று பேர்! ஆட்டக்காரர்கள் ஒருத்தர் சொன்ன முறையில் மார்க்கிங், அதாவது எதிரணி ஆளைப் பிடிப்பது, பழகி முடிப்பதற்குள் அடுத்தவர் வேறு முறை சொல்வார். இதே மரீன் பெண்கள் அணியோடு நிலையாக இருந்து 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர்களை நாலாவது இடம் வரை கொண்டுபோனதையும் சேர்த்துப் பாருங்கள். ஆள் அதே ஆள்தான், கிடைத்த காலம்தான் வேறு.

2019-ல் ஆண்கள் அணிக்குக் கிரஹாம் ரீட் வந்தார். அவரை டோக்கியோ வரை விட்டுவைத்தார்கள். அங்கே இரண்டாவது ஆட்டத்தில், 2021 ஜூலை 25, ஆஸ்திரேலியாவிடம் 1-7. அன்றைக்கு ராத்திரி எங்கள் டீக்கடையில் பேசாத பேச்சு இல்லை, கோச்சை அடுத்த விமானத்தில் ஏற்ற வேண்டும் என்று சொன்னவர்களில் நன்றாக ஹாக்கி தெரிந்தவர்களும் உண்டு. பதினோரு நாள் கழித்து ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஜெர்மனியோடு வெண்கலத்துக்கான ஆட்டம். 1-3 என்று பின்னால் இருந்து 5-4 என்று ஜெயித்தார்கள், கடைசி சில விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரை நம் கோல்கீப்பர், கேரளாவில் கிழக்கம்பலத்துக்காரர் ஸ்ரீஜேஷ் தடுத்தார், 41 வருடத்துக்குப் பிறகு பதக்கம். கடையில் டிவி முன்னால் நின்ற மலையாளி லாரி டிரைவர்கள் இரண்டு பேர், கிழக்கம்பலத்துக்காரன் காப்பாத்திட்டான் என்று என்னைக் கட்டிப் பிடித்தார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஜூலை 25 ராத்திரி நாம் கேட்டபடி நடந்திருந்தால் ஆகஸ்ட் 5 இருந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே ரீட் 2023 உலகக் கோப்பையில் காலிறுதிக்குக்கூடப் போக முடியாமல் நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்ற பிறகு, தொடர் முடிந்ததும் தானே விலகினார். முறையான விலகல் அதுதான். அடுத்து வந்த கிரெய்க் ஃபுல்டன் ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம், பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் என்று கொடுத்தார். 2025 ஜூனில் ஐரோப்பாவில், நாட்டு அணிகள் மோதும் புரோ லீக்கில் அவருடைய அணி வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றது. ஏழு! அதில் ஆறு ஒரு கோல் வித்தியாசத்தில். போன வாரக் கடிதம் எழுதிய அன்பரின் கணக்குப்படி மூன்றாவது ஆட்டத்திலேயே அவர் கிளம்பியிருக்க வேண்டும். அவரை வைத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 7-ஆம் தேதி பீகாரில் ராஜ்கீரில் கொரியாவை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பை வாங்கினார்கள், உலகக் கோப்பைக்கும் நேரடியாகத் தகுதி பெற்றார்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் ஆறு தோல்வி என்றால் அணி நொறுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை, கடைசி ஐந்து நிமிடத்தில் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம், அதை அடைக்கத் தெரிந்தவர் ஏற்கெனவே அங்கே இருந்தார்.

எதிர்ப்பக்க வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க மாட்டேன். என் அக்கா மகன் கனடாவில் டொரண்டோ பக்கம் இருக்கிறான். அங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி. அவன் அடிக்கடி போனில் சொல்வான், "மாமா, இங்கே சீசன் நடுவில் கோச்சை மாற்றுவது சாதாரணம், மாற்றிக் கோப்பையும் வாங்கியிருக்கிறார்கள்" என்று. உண்மைதான். அமெரிக்க, கனடா அணிகள் ஆடும் அந்த லீக்கில் பிட்ஸ்பர்க் அணி 2009-லும் 2016-லும் நடுவில் கோச்சை மாற்றிய சீசனிலேயே லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றது. செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் என்ற அணி 2018 நவம்பரில் மைக் யோ என்பவரை நீக்கிவிட்டு கிரெய்க் பெருபியைப் போட்டது, 2019 ஜூனில் அந்த அணியின் வரலாற்றில் முதல் கோப்பை. இதைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அவனிடம் நான் துருவித் துருவிக் கேட்டேன். புது கோச் வந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆன பிறகும், 2019 ஜனவரி 3-ஆம் தேதி, 31 அணிகளில் கடைசி இடத்தில் இருந்தது அதே ப்ளூஸ் அணிதான். அடுத்த சில நாளில் ஜோர்டான் பின்னிங்டன் என்ற கோல்கீப்பரை முதல் தடவையாக ஆரம்பத்திலிருந்தே ஆட வைத்தார்கள், அந்த ஆட்டத்தில் அவர் ஒரு கோல்கூட விடவில்லை. அங்கிருந்துதான் ஏற்றம். அப்படியென்றால் மாற்றியது கோச்சா, கோல்கீப்பரா? இரண்டும் என்று சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். கடைசி இடத்துக்குப் போன பிறகும் நிமிர அவர்களுக்கு அவகாசம் இருந்தது என்பதுதான் முக்கியம். அங்கே அந்த சீசனில் ஒரு அணிக்கு 82 ஆட்டம். 82 ஆட்டத்தில் செய்வதைப் பத்து ஆட்டத்தில் செய்ய முடியாது. அப்புறம் அங்கேயும் ஒரு அணி ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற சம்பள உச்சவரம்பு இருக்கிறது, நடுவில் இருபது ஆட்டக்காரர்களை மாற்ற முடியாது, ஒரு கோச்சை மாற்றலாம். சுலபமானதைச் செய்கிறார்கள். அந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த மேலாளர் பல தடவை அதே நாற்காலியில்தான் இருக்கிறார் என்று என் மருமகனே ஒத்துக்கொண்டான்.

எப்போது உடனே நீக்கலாம் என்றும் கேட்பார்கள். பையன் மேல் கை வைத்தால், கெட்ட வார்த்தை சொன்னால், பெண்கள் அணியில் ஒரு பெண் பயந்துபோய் நிற்கிற நிலை வந்தால், காசு வாங்கிக்கொண்டு ஆளை இறக்கினால், காயம்பட்டவனைத் தெரிந்தே ஆடவிட்டால், அன்றைக்கு மத்தியானமே அனுப்புங்கள், லீக் முடியக் காத்திருக்க வேண்டாம். கணுக்கால் வீங்கிய பையனை ஆடவிட்டதற்காக என்னை நீக்கியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அதை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை, ஸ்கோரைத்தான் கேட்டார்கள்.

2025 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. பேரனைக் கூட்டிக்கொண்டு ரயிலில் மதுரைக்குப் போனேன், அவனுக்கு அதுதான் முதல் டர்ஃப் ஆட்டம். அப்போது இந்திய ஜூனியர் அணிக்கு ஸ்ரீஜேஷ்தான் பயிற்சியாளர். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5. மறுநாள் காலை கடையில் ஒரு பெரியவர், கோல்கீப்பராக இருந்தவருக்கு அணியை நடத்தத் தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவோடு கடைசிக் கால் பகுதி வரை 0-2. அப்புறம் பதினோரு நிமிடத்துக்குள் நான்கு கோல், 4-2. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த பேரன் கட்டிலில் ஏறிக் குதித்ததில் பலகை ஒன்று விரிந்துபோனது, நான் திட்டவில்லை. ஆட்டம் கைவிட்டுப் போகும்போது அந்தப் பிள்ளைகள் ஓரத்தில் நின்ற தங்கள் கோச்சைப் பார்த்திருப்பார்கள். அங்கே தெரிந்த முகம் நின்றது. இரண்டு நாள் முன்னால் வந்த புது ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹாக்கி லீக் செய்தி போடும்போது ஸ்கோரோடு நிறுத்தாதீர்கள். அணி எத்தனை நாள் சேர்ந்து பயிற்சி செய்தது, ஏலத்தில் எந்த இடத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள், யார் காயத்தில் இருக்கிறார், பெனால்டி கார்னர் எத்தனை கிடைத்து எத்தனை கோலானது, இதையும் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். வாசகர்கள் தாங்களே பார்த்து முடிவு செய்துகொள்வார்கள். சீசன் முடிந்த மறுவாரம், முதலாளியையும் கோச்சையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துக் கேள்வி கேளுங்கள், கோச்சிடம் கேட்கிற அதே கேள்வியை முதலாளியிடமும் கேளுங்கள்.

அந்தக் கடிதம் எழுதிய அன்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஹாக்கி தோற்றால் வயிறு எரிகிறவர் இன்னும் இருக்கிறார் என்பதே பெரிய விஷயம். குற்றாலம் சீசனுக்கு இந்தப் பக்கம் வந்தால் செங்கோட்டையில் இறங்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, சாரல் இருந்தாலும், பத்துப் பதினைந்து பையன்கள் மட்டையோடு வருவார்கள். ஆறு முதல் ஆறரை வரை கல் பொறுக்குவோம், அவருக்கும் ஒரு கூடை இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
செங்கோட்டை